ஒரு வாளித் தண்ணீருக்குச் செல்லும்

லாரி கொட்டிவிட்டுப் போன அரைமணிக்குள்
போய்விட வேண்டும்.
பிந்தினால் தீ வைத்துவிடுவார்கள்.
யார் வைக்கிறார்கள் என்று ஆல்தோ ஓஸ்பிசியோவில்
யாருக்கும் தெரியாது,
எல்லோருக்கும் தெரியும்.

நெலிதா சயாபா வாயைத் துணியால் கட்டிக்கொண்டு
சட்டை மலையில் ஏறுகிறாள்.
விலைச்சீட்டு கிழிபடாத சட்டைகள்.
ஒரு தடவைகூட யாரும் வியர்க்காத சட்டைகள்.
கனடாவில் விற்காமல், பனாமாவில் விற்காமல்
இக்கிக்கே துறைமுகத்தில் நாற்பத்தைந்து கிலோப் பொதியாக இறங்கி
முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கப்பட்டு
எந்தத் தரத்திலும் சேராமல்
இங்கே வந்து படுத்திருக்கின்றன.

மழை கிடையாது. பூஞ்சை கிடையாது.
எதுவும் மக்காத மண்.
பாலை என்றால் பிரிவு என்று படித்தவர்கள் வந்து பார்க்கலாம்:
கள்ளிகூட முளைக்காத இந்தப் பாலையில்
பிரிந்தவர்கள் சட்டைகளாகத்தான் வந்து சேர்கிறார்கள்.

குழந்தைக் கவுன் ஏழு. ஜீன்ஸ் மூன்று.
நீச்சலுடை ஒன்று, அதை எறிந்துவிட்டாள்.
பச்சைக் கோட்டு ஒன்றின் கைமடிப்பில்
தையலோடு தையலாக ஒரு முடி.
நீளம். கறுப்பு.
இழுத்தாள், வரவில்லை.
பல்லால் கடித்து இழுத்தாள்;
முடி பாதியில் அறுந்தது, தையல் விடவில்லை.
எந்த ஊர்த் தலையோ.
எந்த ராத்திரி ஷிப்டில்
மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பியதோ.
ஆள் பாதி ஆடை பாதி.
ஆளில் இவ்வளவுதான் தேறியது.

இறங்கும்போது, லாரிச் சக்கரம் கிளறிய பள்ளத்தில்
கறுப்பாக ஒரு வில்லை.
பொத்தான் என்றுதான் எடுத்தாள்.
எச்சில் தொட்டுத் தேய்த்ததும் எழுத்து வந்தது:
சாந்தா எமெரென்சியானா கம்பெனி.
ஒரு வாளித் தண்ணீருக்குச் செல்லும்.

இதே மண்ணை வெட்டிக் காய்ச்சி
வெடியுப்பு எடுத்தவர்களுக்கு
நூறு வருஷத்துக்கு முன் சம்பளம் இது.
கம்பெனி அடித்த காசு
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும்.
அடுத்த கம்பெனிக்கு நடந்து போனால்
(நடக்கவும் தண்ணீர் வேண்டுமே)
செல்லாக்காசு.

உப்பு கப்பலேறியது.
ஹாம்பர்க்கில் இறங்கி
பாதி கிழங்கு வயலுக்கு உரமாயிற்று.
மீதி பீரங்கிக்கு மருந்தாயிற்று.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
கிழங்கு தின்றவர்கள் நினைத்தார்களோ என்னவோ,
குண்டு தின்றவர்களுக்கு நேரமில்லை.

தொலைத்தானா, ஒளித்து வைத்தானா?
எப்படியோ, யாரோ ஒருவன்
அன்று ஒரு வாளி குறைவாகக் குடித்திருக்கிறான்.

சந்தையில் அஸ்தேத்தே என்பவர்
பழைய புட்டி, பழைய சாவி வாங்குகிறவர்,
வில்லையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.
மூச்சை இழுத்தார். உடனே
ஒன்றும் பிரமாதமில்லை என்பதுபோல் விட்டார்.
ஒன்பதாயிரம் பெசோ.
மூட்டை முழுக்க விற்றது ஆறாயிரத்து ஐந்நூறு.
பச்சைக் கோட்டை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் லாரி
மேட்டுக்கு ஏறி வந்து ஹாரன் அடித்தது.
"என்ன நெலிதா, இன்றைக்கு டிரம் முழுக்கவா?"
முழுக்கத்தான்.
குழாய் உள்ளே இறங்கி
தகரம் அதிர அதிர நிரம்பியது.
காசு கொடுத்தாள்.
மீதியில் போனுக்கு ரீசார்ஜ், ரொட்டி, ஒரு தக்காளி.

அப்போதுதான் புகை நாற்றம்.
மேற்கே மலை பற்றிக்கொண்டிருந்தது,
நைலான் எரிகிற அந்தத் தித்திப்பு நாற்றம்.
கரி, செதில் செதிலாகத் தண்ணீரில் விழத் தொடங்கியது.
மூடியைத் தேடினாள். மூடி போன மாசமே திருடுபோயிருந்தது.
கைக்குக் கிடைத்த பச்சைக் கோட்டை விரித்து
டிரம்மின் வாயில் போட்டு
இரண்டு கைகளையும் இழுத்துப்
பின்னால் முடிச்சுப் போட்டாள்.